மில்கார அம்மா சொன்ன பெயர்

ஐம்பதுகளின் நடுவில், கேரளம் என்று ஒரு மாநிலம் உருவாவதற்கு முன்னால், சித்தூர்த் தாலுக்காவில் ஒரு சின்ன டவுனில் நகரசபைத் தேர்தலுக்குச் சுயேச்சையாக நின்றேன். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் இதில் வேண்டாம். பெயர் போடாமல் எழுதுவது இந்தக் கதைக்குப் பொருத்தம்தான் என்பது போகப்போக உங்களுக்கே தெரியும்.

நான் அப்போது வண்டிக்காரத் தெருவில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் வாடகை சைக்கிள் கடை. எங்கள் தெருவில் பெரும்பாலும் மாட்டு வண்டி ஓட்டுகிறவர்கள். பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் பாரம் ஏற்றிப் போனால் இரண்டு நாள், மூன்று நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார்கள். தெருவை நடத்தியது பெண்கள்தான். அந்தப் பெண்களின் அளவெல்லாம் என் கைவிரலில் இருந்தது. யாருக்குத் தோள் அகலம், யார் இந்த வருஷம் இளைத்துப் போனாள் என்று எனக்குத் தெரிகிற அளவுக்கு அவர்கள் புருஷன்மாருக்குத் தெரிந்திருக்காது.

தெருவின் கடைசியில் ஒரு வாய்க்கால் ஓடியது. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். வாய்க்காலுக்கு மேல்புறம் ஒரு அரிசி மில் வந்தது. புழுங்கலுக்கு நெல்லை ஊறப்போட்ட தண்ணீரைத் தொட்டியிலிருந்து அப்படியே வாய்க்காலில் திறந்துவிடுவார்கள். ஊறின நெல்லுத் தண்ணீரின் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். துவைத்த சேலையைக் காயப்போட்டால் சேலையும் நாறும். குழந்தைகளுக்குக் கால் முழுக்கச் சொறி. நான் நகரசபை ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர், இதையெல்லாம் வார்டு மெம்பர்தான் சபையில் கிளப்ப வேண்டும் என்று சட்டம் பேசினார். எங்கள் வார்டு மெம்பர் யார் என்றால், அந்த மில்லின் முதலாளியேதான்.

அடுத்த தேர்தலில் அவரே மறுபடியும் நிற்கிறார், ஜெயித்தால் சபைத் தலைவரும் அவர்தான் என்று ஊரில் முடிவு கட்டியிருந்தார்கள். தலைவர் நாற்காலிக்கு மெத்தைகூட ஏற்பாடாகிவிட்டது என்று கடைவீதியில் பேச்சு. எனக்கு இருந்த ஆத்திரத்தில், அந்த மெத்தைக்கு உறை தைக்க என்னிடமே துணி வந்தாலும் வரும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, அப்படியானால் நீயே போய் அதில் உட்கார் என்றார். விளையாட்டாகச் சொன்னார். நான் வினையாக எடுத்துக்கொண்டேன்.

மனுத் தாக்கல் செய்யப் போனோம். அங்கிருந்த அதிகாரி என் வயசு, தொழில் எல்லாம் கேட்டுவிட்டு, கணவர் பெயர் என்ன என்றார். நான் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். வேண்டுமென்றுதான். கொஞ்ச நேரம் என்னைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்த்த பிறகு, அவரே தன் பெயரைச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று ஒரு பயம். கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. திரும்பி வரும்போது வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"ஊரையெல்லாம் பேரு சொல்லி இழுக்கறே. என்ர பேரு மட்டும் வாயில வர மாட்டேங்குது. நீ சபைக்குப் போயி என்னத்தப் பேசப் போறே?"

அதுவும் இதுவும் ஒன்றா என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்குக் குடைச் சின்னம் கிடைத்தது. அந்தக் காலத்தில், பின்னால் வந்த மாதிரி ஒரே சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். தட்டி மறைவுக்குள் போய் நமக்குப் பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். மில் முதலாளிக்குப் பெரிய கட்சி, ஜீப், ஒலிபெருக்கி, சுவர் நிறைய அவர் பெயர். எனக்கு வீட்டுக்காரரின் சைக்கிளும் என் வாயும்தான். கடைவீதியில் வண்டி மேல் ஏறி நின்று நான் பேசினால் ஆண்கள் வேடிக்கை பார்க்கக் கூடுவார்கள். தையக்காரிக்கு வாய் நீளம் என்பார்கள். எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். இந்த ஊரில் என்னைப் போலத் துணிந்தவள் உண்டா என்று நினைத்துக்கொள்வேன்.

உண்மையான பிரசாரம் அடுப்படிகளில் நடந்தது. பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தட்டிக்குள்ளே நாம் எந்தப் பெட்டியில் போடுகிறோம் என்று யாருக்குமே தெரியாதா? புருஷனுக்கும்? சத்தியமாகத் தெரியாது என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வாழ்க்கையில் புருஷனுக்குத் தெரியாமல் செய்கிற முதல் காரியம் அவர்களில் பலருக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். வண்டிக்காரத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் குடைக்குப் போட்டால் நான் ஜெயிப்பேன், வாய்க்கால் சுத்தமாகும். கணக்கு அவ்வளவுதான்.

தேர்தலுக்கு முந்தின நாள் எங்கள் தெரு வண்டிகளுக்கெல்லாம் மில்லிலிருந்து தவிட்டு லோடு வந்தது, பொள்ளாச்சிக்கு. இத்தனை வண்டிக்கும் ஒரே நாளில் லோடு கிடைத்ததே இல்லை. ஆண்கள் சந்தோஷமாகப் பூட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். போனால் போகட்டும், பெண்கள் இருக்கிறார்கள் என்று நானும் தைரியமாகவே இருந்தேன்.

ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில். நான் காலையிலேயே முதல் ஆளாகப் போட்டுவிட்டேன். அதிகாரி கேட்டதும் வாசல் பக்கம் நின்ற வீட்டுக்காரர் தன் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டார். வேட்பாளர் என்பதால் உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருப் பெண்கள் தலைக்குப் பூ வைத்து, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வரிசையாக வந்தார்கள். பாதிப் பேர் நான் தைத்த ரவிக்கையில் இருந்தார்கள். மனசு நிறைந்துவிட்டது.

முதல் பெண்ணிடம் அதிகாரி கணவர் பெயரைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாக்காளர் பட்டியல் எடுக்க ஆள் வந்தபோது, அந்நிய ஆம்பளையிடம் தன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு எங்கள் தெருப் பெண்கள் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்கள். அவர் அக்கம்பக்கத்தில் விசாரித்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மனைவி என்றே எழுதிக்கொண்டு போய்விட்டார். என்னையும் அப்படித்தான் எழுதியிருந்தது. அதனால் புருஷன் பெயரைச் சொன்னால்தான் பட்டியலில் ஆளைக் கண்டுபிடிக்க முடியும்.

அதிகாரி மேற்கே எங்கிருந்தோ வந்த மலையாள வாத்தியார். நல்ல மனுஷர்தான். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. "பர்த்தாவோட பேரு பறயணும், வேறொண்ணும் வேண்டா" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். ஒருத்தி, முருகன் ஆண்டியாக நிற்கிற மலை என்றாள். இன்னொருத்தி வெளியே வெயிலைக் கை காட்டி, அதைக் கொடுக்கிறவருடைய பெயர்தான் என்றாள். நடப்பது ஓட்டுப்பதிவா, விடுகதைப் போட்டியா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எழுந்து, இவள் இன்னாருடைய மனைவி என்று சொன்னேன். மில் முதலாளியின் ஏஜென்ட் உடனே எழுந்துவிட்டார். வேட்பாளர் சொன்னால் செல்லாது, பின்னால் நிற்கிறவள் எடுத்துக்கொடுத்தாலும் செல்லாது, அவரவர் வாயால் சொல்ல வேண்டும் என்றார். பட்டியல் நம்பர் எழுதி நாங்கள் வீடு வீடாகக் கொடுத்திருந்த துண்டுச் சீட்டையும் யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று தள்ளினார். அதிகாரி யோசித்துவிட்டு அவர் சொன்னதுதான் முறை என்றார். என் சிரிப்பு போய்விட்டது.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். ஒவ்வொருத்தியாகத் தலை குனிந்து ஒதுங்கினார்கள். சிலர் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றார்கள், சிலர் வீட்டைப் பார்க்க நடக்கத் தொடங்கினார்கள். நான் வெளியே ஓடி மறித்தேன். ஒரு பெயர், ஒரே ஒரு தடவை, சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கோபமாகவே கேட்டேன். அவர்களில் மூத்தவள் ஒருத்தி நிதானமாகப் பதில் சொன்னாள்.

"மனுசன் வண்டியோட ரோட்டுல கெடக்கறாரு அம்மிணி. ஊடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்ல. இந்த நேரத்துல நான் பேரச் சொல்லி எதாச்சும் ஆச்சுன்னா? ஏன், நீ சொல்லு பாக்கலாம். உன்ர ஊட்டுக்காரரு பேரச் சொல்லு, நானும் சொல்றேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் எதிரே பத்தடி தள்ளிச் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை. வண்டி மேல் நின்று ஊரையே கிழித்த நாக்கு, மூன்றெழுத்துச் சொல்லுக்கு எழவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று எனக்கும் உள்ளே அதே பயம் இருந்தது. இவ்வளவு நாள் அது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அந்த மூத்தவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. என் தோளைத் தொட்டுவிட்டு நடந்தாள். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

வாய்க்காலும் போச்சு, தேர்தலும் போச்சு என்று உள்ளே வந்து உட்கார்ந்தேன். அப்போது வாசலில் ஒரு வில்வண்டி வந்து நின்றது. திரை போட்ட வண்டி. மில் முதலாளியின் மனைவி இறங்கினார். மில்கார அம்மா என்றுதான் ஊரில் சொல்வோம். தேர்த் திருவிழாவுக்கு வருஷத்தில் ஒரு தடவை வெளியே வருவார், அதுவும் வண்டித் திரைக்கு இந்தப் பக்கம் முகம் தெரியாது. அவருடைய குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அவர் ரவிக்கை கோயமுத்தூரில் தைத்து வந்துவிடும்.

அவரைப் பார்த்ததும் வரிசை தானாக விலகியது. அவர் விலகின வழியில் வராமல் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஏஜென்ட் ஓடிப்போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அவருக்கு முன்னால் நின்ற எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக மேஜைக்கு வந்து, ஊமையாகத் திரும்பிப் போனதை எல்லாம் பார்த்துக்கொண்டே நகர்ந்து வந்தார். அவர் முறை வந்தது. ஏஜென்ட் பட்டியலில் ஓர் இடத்தில் விரல் வைத்து, இவர் இன்னார் வீட்டம்மா, ஊருக்கே தெரியும் என்றார். அதிகாரியும் மரியாதையாகச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.

மில்கார அம்மா அதை வாங்கவில்லை.

"அவுங்ககிட்டயெல்லாம் கேட்டீங்க. என்கிட்ட ஏனுங்க கேக்கல?" என்றார். சன்னமான குரல். ஆனால் தெளிவாக இருந்தது.

அதிகாரி ஏஜென்டைப் பார்த்தார். உங்களை எல்லோருக்கும் தெரியும் என்று ஏஜென்ட் இழுத்தார். அவர் ஏஜென்ட் பக்கம் திரும்பவே இல்லை.

"அவுங்களையும் எல்லாத்துக்கும் தெரியுமுங்க. கேளுங்க. நான் சொல்லிப்போட்டே போடறேன்."

அதிகாரி கேட்டார். மில்கார அம்மா ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். கழுத்தில் இருந்த தாலியை முந்தானைக்குள் கையால் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து, புருஷன் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு, சாதாரணமாக நாம் சொல்கிற மாதிரி வேகமாக இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக. ஊரில் உள்ள சுவர் அத்தனையிலும் அந்த மாதம் எழுதியிருந்த பெயர்தான். ஆனால் அவர் வாயிலிருந்து வந்தபோது யாரோ ஒரு புது மனிதருடைய பெயர் மாதிரி இருந்தது. வெளியே நின்ற பெண்கள் வரைக்கும் கேட்டது. தாலியைப் பிடித்திருந்த கையை எடுத்துச் சீட்டை வாங்கிக்கொண்டு தட்டிக்குள் போனார்.

தன் புருஷனைத் தோற்கடிக்க வந்திருக்கிற ஓட்டுகளுக்குத்தான் அவர் வழி திறந்துவிடுகிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஏஜென்ட் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

தட்டியிலிருந்து வெளியே வந்தவர் என் பெஞ்சைக் கடந்துதான் போக வேண்டும். நான் எழுந்து நின்றேன். இப்படிச் சொல்லிவிட்டீர்களே அம்மா, பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமாத்தானுங்க இருக்குது" என்றார். "ஊட்டுக்குப் போயி அவர ஒருக்காப் பாத்தாத்தான் நெஞ்சு ஆறும்."

வண்டியில் ஏறித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரோடு நான் பேச வாய்க்கவே இல்லை.

வேப்பமரத்தடியில் நின்றிருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். என் தோளைத் தொட்ட அந்த மூத்தவள் பாதி வழி போனவள், விஷயம் காதில் விழுந்து திரும்பி வந்து, நேராக மேஜைக்குப் போய்ச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்தவள் அழுதுகொண்டே சொன்னாள். ஒருத்தி சொன்ன கையோடு வெட்கத்தில் சிரித்துவிட்டாள், வரிசையே சிரித்தது. வீட்டுக்குப் போய்விட்டவர்களைக் கூப்பிட ஆள் ஓடியது. எல்லோரும் வரவில்லை. சாவடி மூடும் வரை வந்தவர்கள் சொல்லிச் சொல்லிப் போட்டார்கள். அந்தத் தெரு ஆண்களின் பெயர்கள் அவர்கள் வீட்டுப் பெண்கள் வாயிலிருந்து வந்ததை நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டிகள் எல்லாம் மறுநாள் பத்திரமாகத் திரும்பி வந்தன.

நான் தோற்றுப்போனேன். கொஞ்சத்தில்தான். திரும்பிப் போன பெண்கள் எல்லோரும் வந்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தேன். மில் முதலாளி சபைத் தலைவரானார், அந்த மெத்தையில் உட்கார்ந்தார். அவர் பெயரை மனைவி வாய்விட்டுச் சொன்னதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திடமாக இருந்து, பேரன் பேத்திகளைப் பார்த்து, பல்லெல்லாம் விழுந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி. அடுத்த கோடைக்குள் மில்லுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வராமல், தனியாக ஒரு குழி வெட்டி அங்கே திருப்பிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. என்னுடைய ஓட்டுகளைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று வீட்டுக்காரர் சொன்னார். திரை போட்ட வீட்டுக்குள் என்ன பேச்சு நடந்ததோ, அது எனக்குத் தெரியாது.

ஓட்டுப் போட்ட அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஒன்று நடந்தது. வீட்டுக்காரர் முற்றத்தில் சைக்கிள் சக்கரத்துக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. யாரோ வாசலில் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போய் வெளியே எட்டிப் பார்த்தார். யாரையும் காணோமே என்று திரும்பி வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்த பம்பைக் கீழே வைத்தார். கேலி பண்ணுவார் என்று நினைத்தேன். இன்னொரு தடவை சொல்லு என்றார்.

சில வருஷம் கழித்து, புது மாநிலம் வந்த பிறகு, மறுபடியும் வாக்காளர் பட்டியல் எடுக்க ஆள் வந்தார். நான் மிஷினை நிறுத்திவிட்டு அவரோடு வீடு வீடாகப் போனேன். இன்னார் மனைவி என்று எழுத விடவில்லை. கதவுக்குப் பின்னால் போனவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவரவர் பெயரை அவரவர் வாயால் சொல்ல வைத்தேன். தெரு முடிந்து மில் வீட்டுப் பக்கம் வந்தோம். வீடு பூட்டியிருந்தது. அவர்கள் அதற்கு முன்பே மில்லை விற்றுவிட்டுக் கோயமுத்தூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அந்த ஆள் பழைய பட்டியலை எடுத்து, அந்த வீட்டுக்கு எழுதியிருந்த வரியை அடிக்கப் போனார். எட்டிப் பார்த்தேன். அதிலும் முதலாளியின் பெயரைப் போட்டு, அவருடைய மனைவி என்றுதான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கதையில் யார் பெயரையும் நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிற பெயர் ஒன்றே ஒன்றுதான், அதை எழுத எனக்கு வழியில்லை. அத்தனை பேருக்காகவும் புருஷன் பெயரைச் சொன்ன அந்த அம்மாவிடம், உங்கள் பெயர் என்ன என்று அன்றைக்கு அந்தச் சாவடியில் யாருமே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.